இவ்விடம் நலம்: இரண்டு கடிதக் கட்டுகளும் ஓர் ஐந்து மாத இடைவெளியும்

2023 ஜூலையில் பெரம்பூரிலிருந்து ஒரு பெண்மணி இரண்டு கட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று பழைய பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. மேலே போட்டிருந்த ரப்பர் பேண்ட் உருகி முதல் கடிதத்தோடு ஒட்டிப்போயிருந்தது. இன்னொன்று வேட்டித் துணியில் சுற்றிச் சணலால் கட்டியது. டின்னில் இருந்தவை அவருடைய பெரியண்ணனுக்கு வந்த கடிதங்கள், துணியில் இருந்தவை சின்னண்ணனுக்கு வந்தவை. இருவரும் ராணுவத்தில் இருந்தவர்கள். பெரியவர் 2016இல் காலமானார். சின்னவர் ஆவடிப் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறார்.

"தேதிவாரியா அடுக்கிக் கொடுங்க சார், அது போதும்" என்றார் அந்த அம்மா. வேறு எதையும் அன்றைக்குச் சொல்லவில்லை.

குடும்பங்களில் கிடக்கும் பழைய காகிதங்களை ஒழுங்கு செய்து கொடுப்பதுதான் என் வேலை. இராமபாணப் பூச்சி தின்றது, ஈரத்தில் ஒட்டியது, செல்லோ டேப் போட்டுக் கெடுத்தது என்று எத்தனையோ பார்த்தாகிவிட்டது. ஆனால் இந்த இரண்டு கட்டுகளைப் போல என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு எதுவும் இல்லை. குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர்களையும் படைப்பிரிவு எண்களையும் தெருவையும் விட்டுவிட்டேன். கடித வாசகங்களையும் அப்படியே எடுத்துப் போடவில்லை. அவை அவர்களுடையவை.

எங்கே இருந்தார்கள்

1987 ஜூலை 29ஆம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போகத் தொடங்கியது. சின்னவர் காலாட்படைக்காரர், வயது 22. ஆகஸ்டில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். அவருக்கு ஐந்து வயது மூத்தவரான பெரியவர், பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தார். அந்தப் படையில் ஒவ்வொரு சிப்பாயையும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். அது வழிவழியாக வந்த பெயர். வீட்டுக்கு மூத்த பிள்ளையை ஊரெல்லாம் தம்பி என்று கூப்பிட்டது, சின்னவர் எழுதிய பழைய கடிதங்களில் ஒரு செல்லச் சீண்டலாகத் திரும்பத் திரும்ப வருகிறது. 1987இன் பிற்பகுதியில் பெரியவர் சியாச்சினில் இருந்தார். 1984 ஏப்ரலில் இந்தியப் படை ஏறிய அந்தப் பனியாற்றில் அப்போது நான்காவது குளிர்காலம் தொடங்கிக்கொண்டிருந்தது.

ஒருவருக்கு வடகிழக்குப் பருவமழைச் சேறு, இன்னொருவருக்குப் பனி. ஆனால் கடித உறைகளைப் பார்த்தால் இருவருக்கும் ஒரே முகவரி: மே/பா 56 ஏ.பி.ஓ. ராணுவத் தபால் அப்படித்தான் இயங்குகிறது. 56 என்பது டெல்லியிலுள்ள மைய ராணுவ அஞ்சலகத்தின் எண். கிழக்குப் பக்கத்துப் படைகளுக்குக் கொல்கத்தாவில் 99. படை எங்கே இருந்தாலும் வெளியில் இருப்பவர்களுக்கு அந்த எண் மட்டும்தான் தெரியும். முத்திரையிலும் கள அஞ்சலக எண்ணும் தேதியும் இருக்கும், ஊர்ப் பெயர் இருக்காது. பெரம்பூர் வீட்டில் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் 56 என்ற எண்ணை மட்டும் பார்த்தவுடன் கண்டுகொள்வாராம்.

கடிதத்திலும் ஊர்ப் பெயர் எழுதக் கூடாது. அதிகாரி படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார். இந்த இடத்தில் நம் பழைய கடித மரபு அவர்களுக்கு நன்றாகவே கைகொடுத்திருக்கிறது. 'இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்' என்று தொடங்கினால் ஊரே தேவையில்லை. எவ்விடம் என்று எந்தத் தணிக்கைக்காரரும் கேட்கப் போவதில்லை. நாம் எல்லோரும் ஒரு காலத்தில் யோசிக்காமல் எழுதிய வரிதான். இந்தக் கட்டில் அதை நாற்பது ஐம்பது முறை படித்த பிறகு எனக்கு அது வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. அதுதான் இந்த ஆய்வின் முடிச்சு. அண்ணன் தம்பி இருவரும் ஒருவருக்கொருவர் நேராக எழுதிக்கொள்ளக் கூடாது என்பது அம்மா போட்ட விதி. எல்லாம் பெரம்பூர் வழியாகத்தான் போக வேண்டும். ஒரே உறைக்குள் வீட்டுக்கு ஒரு தாள், சகோதரனுக்கு ஒரு தாள். வீட்டுத் தாளைக் கடைக்குட்டித் தங்கை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாள். மற்றதைப் புது உறையில் போட்டு முகவரி எழுதி, தன் பங்குக்கு ஒரு நோட்டுத் தாளும் சேர்த்து, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருவாள். தங்கைக்கு அப்போது 13 வயது. யாழ்ப்பாணத்தில் எழுதிய கடிதம் சென்னைக்கு வந்து, டெல்லி போய், அங்கிருந்து லடாக் ஏறிப் பனிமேட்டுக்குப் போயிருக்கிறது. எவ்வளவு சுற்று! ஆனால் அம்மாவின் கணக்கு எனக்குப் புரிகிறது. எந்தக் கடிதம் எங்கே போனாலும் இரண்டு பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள் என்பது முதலில் அவருக்குத் தெரிந்துவிடும்.

தேதி போடுவது

கட்டுகளைக் கலைக்கக் கூடாது என்பது எங்கள் வேலையில் பால பாடம். டின்னில் இருந்தது டின்னின் வரிசையிலேயே இருக்க வேண்டும், துணியில் இருந்ததும் அப்படியே. அதனால் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு அட்டைச் சீட்டு எழுதி, சீட்டுகளை மட்டும் தரையில் தேதிவாரியாக ஒரே வரிசையில் பரப்பினேன். அது வரைக்கும் அந்த இரண்டு கட்டுகளையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. அவரவர் கடிதம் அவரவர் பெட்டியில் 35 ஆண்டு தனித்தனியாக இருந்திருக்கிறது.

பெரியவர் எழுதியவை எல்லாம் பென்சில். குளிரில் பேனா மை உறைந்துவிடும். தாள்களில் மண்ணெண்ணெய் அடுப்பின் கரி படிந்திருக்கிறது. சில இடங்களில் எண்ணெய் பட்டுத் தாள் கண்ணாடி போல ஆகியிருக்கிறது. அவர் தேதி போடும் பழக்கம் இல்லாதவர். ஆனால் கிரிக்கெட் பைத்தியம். ஒரு கடிதத்தில் சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ரன்னில் தோற்றதைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். 1987 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவிடம் இந்தியா அப்படித் தோற்றது அக்டோபர் 9ஆம் தேதி. அந்தச் செய்தி மேலே போய்ச் சேர்ந்து, பதில் கீழே வந்து சேர எவ்வளவு நாள் ஆனது என்பதை வைத்து மற்றக் கடிதங்களுக்கும் ஓரளவு தேதி பிடிக்க முடிந்தது. தங்கையின் தேதியில்லாத நோட்டுத் தாள் ஒன்றில் கடைகள் எல்லாம் அடைத்திருப்பதாகவும், அம்மா சாப்பிடாமல் அழுதுகொண்டிருப்பதாகவும், ரேடியோவில் சோக வாத்தியம் மட்டும் வருவதாகவும் இருந்தது. எம்.ஜி.ஆர். மறைந்த 1987 டிசம்பர் 24ஐ ஒட்டிய நாள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆகஸ்ட், செப்டம்பரில் சின்னவர் எழுதியவை மகிழ்ச்சியான கடிதங்கள். ஜனங்கள் மாலை போட்டு வரவேற்றதை எழுதுகிறார். யாழ்ப்பாணத்துப் பேச்சை ஒரு பட்டியலாகவே அண்ணனுக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார்: ஆமாம் என்பதற்கு ஓம், பேசுவது என்பதற்குக் கதைப்பது, டீக்குத் தேத்தண்ணி. கிடுகு வேலிகள், பனை, கிணற்றுத் துலா எல்லாம் வருகின்றன. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வீட்டுக்காரர்கள் எம்.ஜி.ஆரை நேரில் பார்த்திருக்கிறாயா என்று தினமும் கேட்பதை எழுதி, தான் பார்த்ததாகவே ஒரு பொய்யும் சொல்லிவிட்டதாக அண்ணனிடம் ஒப்புக்கொள்கிறார்.

அப்புறம் நின்றுவிடுகிறது. அக்டோபர் முதல் வாரத்துக்குப் பிறகு, பெரியவரின் டின்னில் 1988 மார்ச் வரை தம்பி கையெழுத்தில் ஒரு தாள்கூட இல்லை.

இடைவெளி

அக்டோபர் 10, 11 தேதிகளில் இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் யாழ்ப்பாணத்தில் முழுப் போர் தொடங்கிவிட்டது. அதனால் என் முதல் ஊகம் சுலபமானது: போரில் தபால் தவறியிருக்கும். இரண்டு வாரம் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் தங்கை நவம்பரில் பெரியவருக்கு எழுதிய தாளில் சின்னண்ணனுக்குச் சேற்றுப்புண் வந்து மருந்து போடுகிறார் என்று ஒரு வரி இருந்தது. ஆக, யாழ்ப்பாணத்திலிருந்து வீட்டுக்குக் கடிதம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. வீட்டுக்கு எழுதியவர் அண்ணனுக்கு ஏன் எழுதவில்லை?

குடும்பத்தில் சொல்லப்படும் கதை வேறு. இருவருக்கும் ஏதோ மனஸ்தாபம், அதனால்தான் 1988 மே மாதம் நடந்த பெரியவர் கல்யாணத்துக்குத் தம்பி வரவில்லை என்பார்கள். சண்டை என்று சொல்ல எதுவும் இல்லை. பொங்கலுக்கு ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நலமா என்று கேட்டுக்கொள்வார்கள். அதோடு சரி. 28 ஆண்டுகள் அப்படி.

துணிக் கட்டில் இருந்த இரண்டு பென்சில் கடிதங்கள் அந்தக் கதைக்கு ஆதாரம் போலத்தான் தெரிந்தன. 1988 ஜனவரி, பிப்ரவரி. பெரியவர் அம்மாவின் விதியை மீறித் தம்பிக்கு நேராகவே எழுதியிருக்கிறார். உறையில் பெரம்பூர் முத்திரை கிடையாது. 56இலிருந்து 56க்குப் போன கடிதங்கள் இந்த இரண்டும்தான். முதலாவதில் வருத்தம், இரண்டாவதில் கோபம். சண்டை நடக்கும் செய்தியை ரேடியோவில் கேட்டுக்கொண்டு, மூன்று மாதம் பனிமேட்டில் தம்பியிடமிருந்து ஒரு வரிகூட வராமல் உட்கார்ந்திருந்தவருடைய கோபம் அது. பெரிய பெரிய எழுத்தாக எழுதி, பென்சில் முனை அழுந்தித் தாள் ஓர் இடத்தில் கிழிந்திருக்கிறது. மார்ச்சில் தம்பியின் பதில் டின்னில் இருக்கிறது. நான்கே வரி. எல்லாவற்றையும் மூன்று கடிதத்தில் எழுதிவிட்டேன், இன்னொரு முறை எழுத என்னால் முடியாது என்று பொருள்படும் வரிகள்.

மூன்று கடிதங்கள். அவை எங்கே?

பதில் தங்கையின் கையெழுத்திலேயே இருந்தது, இரண்டு கட்டிலும் ஒவ்வொன்றாக. டின்னில், ஜனவரியில் அவர் பெரியண்ணனுக்கு எழுதிய நோட்டுத் தாள்: சின்னண்ணனிடமிருந்து உங்களுக்குத் தனியாக எதுவும் வரவில்லை. துணிக் கட்டில், மார்ச்சில் சின்னண்ணனுக்கு எழுதியது: நீங்கள் அனுப்பிய மூன்றையும் வந்த அன்றே பெரியண்ணனுக்கு அனுப்பிவிட்டோம். ஒரே கை, ஒரே கோடு போட்ட தாள். அந்த இரண்டு சீட்டுகளையும் தரையில் அருகருகே வைத்துவிட்டு அன்றைக்கு நான் வேறு வேலை பார்க்கவில்லை.

மறுவாரம் அந்த அம்மா வந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. சீட்டு வரிசையைக் காட்டினேன், அவ்வளவுதான். அவர் நேராக அந்த இரண்டு சீட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். "நானா சொல்ல முடியல சார். யாராவது கண்டுபிடிக்கட்டும்னுதான் கொண்டுவந்தேன்" என்றார்.

மூன்று கடிதங்கள்

முதல் கடிதம் தீபாவளி கழிந்த பிறகு வந்தது. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 21. அதே நாளில்தான் இந்தியப் படையினர் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நுழைந்து சுட்டதில் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என்று அறுபது, எழுபது பேர் இறந்தார்கள். சின்னவர் அந்த இடத்தில் இல்லை. அவர் இருந்தது வேறு பக்கம், வீடு வீடாகச் சோதனை போடும் குழுவில். குழுவில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கதவைத் தட்டிக் கேள்வி கேட்கும் வேலை அவருக்கு வந்தது. ஊரடங்கு. பிணங்களை எடுக்க ஆள் இல்லாத தெருக்கள். உள்ளே இருப்பவர்கள் அழுதுகொண்டு என்னென்னவோ சொல்வார்கள், புரிகிறவன் ஒருவன் வந்திருக்கிறான் என்று இன்னும் கூடச் சொல்வார்கள். அவர் அதைத் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நாலைந்து சொல்லாக ஆக்கி அதிகாரியிடம் சொல்ல வேண்டும். அந்த நாலைந்து சொல்லில் அடங்காதது எல்லாம் தன்னிடமே தங்கிவிட்டது என்பதை அண்ணனுக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். எம்.ஜி.ஆரைப் பற்றிக் கேட்ட அந்த வீட்டுக்காரர்களுக்கு என்ன ஆனது என்பதும் அதில் இருந்தது. அதைத் தங்கை என்னிடம் சொன்னார். நான் இங்கே எழுதப் போவதில்லை.

தபாலில் வந்ததா, கையோடு வந்ததா என்று கேட்டேன். விடுப்பில் ஊர் வந்த ஒரு சகவீரர் மூலமாகக் கையோடு வந்ததாம். தணிக்கைக்குத் தப்பியது அப்படித்தான்.

அண்ணனுக்கான தாளை வீட்டில் படிப்பது வழக்கமில்லை. அன்றைக்கு வீட்டுத் தாள் இரண்டே வரியாக இருந்ததால் அம்மாவுக்குச் சந்தேகம். அதையும் படி என்றார். 13 வயதுப் பெண் அடுக்களையில் நின்று வாசித்திருக்கிறாள். பாதியில் நிறுத்தியபோது "படிடி" என்றாராம் அம்மா. முடித்ததும் கடிதத்தை வாங்கி அடுப்பில் வைத்துவிட்டார். "பனியில தனியா கெடக்கான். இதப் படிச்சா அவன் என்னத்துக்கு ஆவான்?" என்பது மட்டும்தான் அவர் சொன்னது.

இரண்டாவது கடிதம் அவ்வளவு கடுமையாக இல்லை. ஆனால் முன்பு எழுதியதைப் பற்றி அண்ணன் என்ன நினைக்கிறார் என்று கேட்டிருந்தது. அனுப்பினால் எதை எழுதினாய் என்று பெரியவர் கேட்பார். மூன்றாவது எம்.ஜி.ஆர். இறந்த மறுவாரம் எழுதியது. சோதனைச் சாவடியில் நின்ற ஒரு கிழவரும் தானும் சேர்ந்து அழுததைச் சொல்லும் கடிதம். அதில் மறைக்க ஒன்றுமே இல்லை. முதலாவதை மறைத்ததால் இரண்டாவதை மறைக்க வேண்டியதாயிற்று, இரண்டை மறைத்தபின் மூன்றாவதை அனுப்ப வழியில்லை. இந்த இரண்டையும் அம்மா எரிக்கவில்லை. டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழே வைத்தார். 2004இல் அம்மா இறந்தபோதும் தங்கை அந்தக் காகிதத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை.

நான் அம்மாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தத் தாளை எந்தத் தாய் மடித்து உறைக்குள் போட்டிருப்பாள்? ஆனால் விளைவு விளைவுதான். அண்ணன், தம்பி எழுதவே இல்லை, மூன்று கடிதம் என்று பொய் சொல்கிறான் என்று நினைத்தார். தம்பி, அண்ணன் எல்லாவற்றையும் படித்துவிட்டு, தான் செய்துகொண்டிருந்த வேலையை வெறுத்து, படிக்காத மாதிரி நடிக்கிறார் என்று நினைத்தார். அதன் பிறகு வந்த கடிதங்களில் 'இவ்விடம் நலம்' மட்டும்தான் இருக்கிறது. முன்பு அந்த வரிக்குக் கீழே ஒரு முழுப் பக்கம் இருக்கும்.

ஊரும் உதவவில்லை. 1990 மார்ச் 24ஆம் தேதி அமைதிப்படையின் கடைசி அணி திருகோணமலையை விட்டுக் கிளம்பியது. சென்னையில் வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். ஈழத் தமிழர்களின் இழப்போ அதைவிடப் பல மடங்கு. அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சின்னவர் அதற்குச் சில மாதம் முன்பே திரும்பி, துறைமுகத்திலிருந்து ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார். தெருவில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, நம்ம ஆளுங்களையே சுட்டியா என்பது. அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் அவர் ஏற்கெனவே எல்லாவற்றையும் எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆவடியில்

பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு தாள்களையும் இரண்டு நாள் ஒற்றுத்தாளுக்கு நடுவே கண்ணாடி எடை வைத்து நிமிர்த்தினேன். இரண்டாவதன் மடிப்பில் பூச்சி ஓட்டைகள். அடியில் மெல்லிய தாள் கொடுத்துத் தாங்கினேன். மூன்றாவது புதிதாகவே இருந்தது.

செப்டம்பரில் தங்கையும் நானும் ஆவடி போனோம். தங்கைதான் சொன்னார். நான் வாசலில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். சின்னவர் தன் இரண்டு கடிதங்களையும் படிக்காமல் மடியில் வைத்திருந்தார். டின்னில் இருந்த அந்த ஜனவரி நோட்டுத் தாளைத்தான், தனியாக எதுவும் வரவில்லை என்று 13 வயதுப் பெண் எழுதியதைத்தான், திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். அப்புறம் தங்கையைப் பார்த்து, "அப்போ உன் கையெழுத்து நல்லா இருந்துச்சும்மா" என்றார். அந்த அம்மா உடைந்து அழுதது அப்போதுதான்.

மாலையில் கிளம்பும்போது இரண்டு கடிதங்களையும் என்னிடம் கொடுத்து, "அண்ணன் டின்ல வெச்சிடுங்க தம்பி, அதுங்க எடத்துல" என்றார். நான் பட்டியலில் எண்களை மாற்றினேன். எரிந்துபோன முதல் கடிதத்துக்காக, அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுத் தாள் வைத்தேன். அதன் மேல் என்ன எழுதட்டும் என்று போனில் கேட்டேன்.

"தேதி மட்டும் போடுங்க" என்றார்.

1987 அக்டோபர் கடைசி வாரம் என்று பென்சிலில் எழுதினேன்.